தோள் தாங்காத கறுப்பு கிட்டார்

எனக்கு ஒரே ஒரு கம்பெனியின் கிட்டார்கள் மீது பைத்தியம். வேறு எதைக் கொடுத்தாலும் மாமியார் வீட்டில் சாப்பிடுகிற மாதிரிதான் வாசிப்பேன். குறை சொல்ல ஒன்றும் இருக்காது, வயிறுதான் நிறையாது.

ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் சபை. பாட்டு ஆராதனை முடியும்வரை எல்லாரும் நிற்பார்கள், வாசிக்கிற நாங்களும்தான். போன வருஷம் சபை கிட்டாரின் கழுத்து வளைந்துபோனது, என் இடது தோளும் பிடித்துக்கொண்டது. தோளில் பாரமே தொங்கக் கூடாது என்றார் டாக்டர். லேசான கிட்டார் கிடைக்காவிட்டால் வாசிப்பதையே விட வேண்டியதுதான். அதை நினைத்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

கணவரைக் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனேன். சுவர் முழுக்க என் கம்பெனிக்காரன். அடேயப்பா! மூன்றைக் கேட்டு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதலாவது, உள்ளே கூடாக இருக்கும் சிவப்பு கிட்டார். தடவினாலே போதும், அவ்வளவு இதமாகப் பேசும். ஆனால் ஸ்பீக்கர் பக்கத்தில் ஊளையிடும். எங்கள் மாடியில் ஸ்பீக்கர் பக்கம் இல்லாத இடமே கிடையாது. இரண்டாவது வெளிர் பச்சை, மெல்லிசு, தூக்கினதே தெரியவில்லை. ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்டது. ரொம்ப நல்ல பிள்ளை.

மூன்றாவது கறுப்பு. கனம் என்றால் அப்படி ஒரு கனம்! ஒரு தந்தியைத்தான் மீட்டினேன். அந்தச் சத்தம் போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செய்தவன் கையில் ஒரு முத்தம் கொடுக்கலாம்.

பெருமூச்சு விட்டேன். "பச்சையவே எடுத்துக்கலாங்க."

கிட்டார் பற்றி ஒன்றும் தெரியாத என் கணவர், "பச்சைய வாசிக்கிறப்ப தலைய ஆட்டின. கறுப்ப வாசிக்கிறப்பதான் சிரிச்ச" என்றார்.

"தோள் என்னாவும்?"

"இப்ப வலிக்குதா?"

வலிக்கவில்லை. கிட்டார் என் தொடையில் அல்லவா கிடந்தது!

"சபைல நின்னுதாங்க வாசிக்கணும்."

"யாரு சொன்னா? உட்காந்து வாசி லா. அத தூக்கிட்டு வர்றதுக்கு நான் இருக்கேன்."

யாரும் சொன்னதில்லைதான். யாரும் உட்கார்ந்ததுமில்லை.

அடுத்த ஞாயிறு, சாப்பாட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்னால் இழுத்துப் போட்டேன். "எல்லாரும் எழுந்து நிப்போம்" என்றார் போதகர். நான் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். ஆனது ஆகட்டும் என்று கறுப்பு கிட்டாரை மீட்டினேன்.

முன்வரிசையில் முட்டிவலிக்கார அக்கா ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "அப்பாடா" என்று உட்கார்ந்தார். பக்கத்து அக்காவும் உட்கார்ந்தார். இரண்டாம் பாட்டுக்குள் பாதி வரிசை உட்கார்ந்துவிட்டது.

போதகர் மைக்கில் மெதுவாக, "முடியாதவங்க உட்காரலாம்" என்றார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா, பாஸ்டர்?" என்றார் அந்த அக்கா, சபைக்கே கேட்கும்படி.