கோயில் வாசலில் ஒரு சாமை மூட்டை

ஜவ்வாது மலையில் புதுச் சாமை வீட்டுக்குள் வந்துவிட்டாலும் உடனே உலையில் போட முடியாது. சாமிக்குப் படைத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். அதுவரை பிள்ளைகள் பசியென்று அழுதாலும் பழைய தானியமோ காட்டுக் கிழங்கோதான். மலைக்கு வந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. ஒடுகத்தூர்ப் பக்கம் எங்கள் கீழூரில் கடலைச் செடியைப் பிடுங்கும்போதே மண்ணைத் தட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்வோம். நன்றி சொல்வதெல்லாம் பிறகு, எங்கள் வேதக்கோயிலில், அறுப்புப் பண்டிகையன்று.

கிணறுகள் வற்றிக் கூலி வேலையும் நின்றுபோன எழுபதுகளில் நானும் என் மனைவி ரூத்தும் மலையேறினோம். வெள்ளையன் என்ற மலைக்காரர், விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார். அன்று அவர் வீட்டில் களி போட்டார்கள். நான் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் மனைவி கவலையோடு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, கல்லு கெடக்குதா?" என்றாள். கீழே எங்கள் ஊர் அரைநாள் நடைதான். ஆனாலும் வேறு தேசத்துக்கு வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் எதிரில் என் குரல் எழும்பாது. கோயிலில் ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிப்பட்டவன் இதை எழுதுவதற்குக் காரணம் கோபம்தான். கீழே இருக்கிற என் சபையாரே, உங்கள்மேல் உள்ள கோபம்.

ஒரு வருடம் முதல் மழை விழுந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் குளிர்காய்ச்சல். தண்ணீர் மொண்டு கொடுக்கவும் ஆளில்லை. ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருடம் போச்சு. ஆண்டவரே, எழுந்து நடக்கிற பலத்தைக் கொடும் என்று படுத்தபடியே கேட்டேன். பலம் வரவில்லை. விடிந்ததும் வெளியே மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. வெள்ளையனும் அண்டை வீட்டுக்காரர்களும் தங்கள் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி கஞ்சியோடு உள்ளே வந்தாள். நான் கூப்பிட்டவர் வந்துவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வருகிற விதம்தான் நான் நினைத்த விதமாக இல்லை.

அறுவடை ஆனதும் வெள்ளையன் என் பங்கில் ஒரு மூட்டையை மட்டும் அவிழ்க்கவிடவில்லை.

"எங்க சாமிக்கு வெச்சாச்சு. உன் சாமி பாத்துக்கினு இருக்குமே, அதுக்கு வெக்க வேணாமா? அது வாங்காம நாம எப்டிப்பா துன்றது?"

அறுப்புப் பண்டிகை வரைக்கும் இரண்டு வீட்டிலும் புதுச் சாமையை யாரும் தொடவில்லை. பண்டிகையன்று அவரே மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்தார். வழியெல்லாம் என் சாமிக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கோயில் வாசலில் சபை மூப்பர் கையை நீட்டி மறித்தார். "இன்னாபா சகாயம், இது அவங்க சாமிக்குப் படைச்ச சாமதானே? விக்கிரகத்துக்கு வெச்சது உள்ள வரக்கூடாது. நீ வா. அவுரு அப்டி மரத்தடியில இருக்கட்டும்."

"இன்னா சொல்றாரு?" என்றார் வெள்ளையன். "உங்க சாமிக்கு சாம புடிக்காதா? நெல்லுதான் துன்னுமா?"

நான் அவரையும் மூட்டையையும் மரத்தடியில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பாடினார்கள். நான் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாட்சி நேரத்தில் மூப்பரே என் பக்கம் திரும்பி, "அந்நிய ஜனங்க நடுவுல ஆண்டவர் உன்னை எப்டிக் காத்தாருன்னு சொல்லுப்பா" என்றார். அந்நிய ஜனங்க என்ற வார்த்தையைக் கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன்.

"நானும் ரூத்தும் சாகக் கெடந்தோம். ஆண்டவர் வந்தாரு. ஏர் ஓட்டிக்கினு வந்தாரு. கஞ்சி எடுத்துக்கினு வந்தாரு. இப்ப வெளிய மரத்தடியில உக்காந்துக்கினு இருக்காரு. நீங்கதான் உள்ள வுடல."

"தேவதூஷணம் பேசாத, உக்காரு" என்றார் மூப்பர்.

உட்காரவில்லை. வெளியே போய் மூட்டையை என் தலையில் ஏற்றிக்கொண்டு, "வா அண்ணா" என்றேன். மூப்பர் நடுவழியில் மறித்து நின்றார். நான் நிற்கவில்லை. அவர்தான் ஒதுங்கினார். காணிக்கையாகக் குவிந்திருந்த பூசணிக்காய்களுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே சாமையை இறக்கினேன். வெள்ளையன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பிக் கும்பிட்டார். பிறகு என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். பாயில் இருந்தவர்கள் நகர்ந்து போனார்கள். சின்ன வயதிலிருந்து என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

போதகர் அவசரமாகக் கண்களை மூடி முடிவு ஜெபம் செய்தார். மலைமேல் இருளிலே கிடக்கிற ஜனங்களுக்கு மனமிரங்கும், அவர்கள் கண்களைத் திறந்தருளும் என்று உருகினார். சபை முழுதும் ஆமென் என்றது. என் வாய் திறக்கவில்லை. அத்தனை வருடங்களில் அன்றுதான் முதல் தடவை.

எல்லாரும் சொல்வதைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு நாமும் சொல்ல வேண்டும் என்று வெள்ளையனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோயில் அடங்கிய பிறகு, தனியாக, மனதார, உரக்கச் சொன்னார்: "ஆமென்."