போயா நாளில் கோழிக் கறி

உணவியல் படிப்பின் இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஏழு நாட்களுக்கு வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதிவர வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்படிச் சமைத்தது என்று எல்லாம். பிறகு குறிப்பேடுகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் சாப்பிட்டதை இன்னொருவர் கணக்கிட வேண்டும். நாளைக்கு நோயாளிகளிடம் இதைத்தான் கேட்கப் போகிறீர்கள், முதலில் நீங்கள் எழுதிப் பழகுங்கள் என்றார் விரிவுரையாளர்.

முதல் நாள் உண்மையைத்தான் எழுதினேன். காலையில் பால் இல்லாத பிளேன்டீ, கிரீம் கிரேக்கர் பிஸ்கட் நான்கு. மதியம் மீன் வைத்துச் சுட்ட பணிஸ் ஒன்று. இரவு மறுபடியும் பிளேன்டீ, கிரீம் கிரேக்கர். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

கையில் காசு இல்லாமல் அப்படிச் சாப்பிடவில்லை. நாவலப்பிட்டிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படிக்க வந்தவள் நான். கண்டியில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டு மாடியில் அறை. சமைக்க அனுமதி இருந்தது. என் அம்மா கொடுத்துவிட்ட ரைஸ் குக்கரும் இரண்டு சட்டிகளும் இருந்தன. முதல் மாதம் சமைத்தேன். ஒரு சுண்டு அளவு அரிசி போட்டால் சோறு இரண்டு நாளைக்கு வந்தது. இரண்டாம் நாள் அதைச் சூடாக்கி, கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவேன். பிறகு அதுவும் நின்றுபோனது.

கன்டீனில் எப்போதும் மேசைகள் நிறைந்திருக்கும். எல்லாரும் சிங்களத்தில் பேசிச் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும், பகிடிக்குப் போதாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று நிற்கும் அந்த நேரம் இருக்கிறதே, அதற்குப் பயந்துதான் பணிஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

ஊரிலிருந்து அம்மா தினமும் எனக்குப் போன் எடுப்பார்.

"சாப்பிட்டியா புள்ள? என்ன கறி?"

"கோழிக் கறிம்மா. கீரையும் பருப்பும்."

"ஒத்தையில இருந்தாலும் நல்லா ஆக்கித் திங்கிற. அதான் எனக்கு நிம்மதி."

அம்மாவிடம் சொன்ன சாப்பாட்டையே இரண்டாம் நாளிலிருந்து குறிப்பேட்டில் எழுதினேன். சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சம்பல், பருப்பு, கோழிக் கறி இரண்டு துண்டு. அளவெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. முதல் நாள் பக்கத்தைக் கிழித்துவிட்டு அதையும் புதிதாக எழுதினேன்.

என் குறிப்பேடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு சக மாணவியிடம் போனது. இரண்டு நாள் கழித்து, நூலகப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குறிப்பேட்டை விரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"போயா அண்டைக்கு எங்க கோழி வாங்கினனீர்? இறைச்சிக் கடையெல்லாம் பூட்டெல்லோ?"

எனக்கு முகம் சுட்டது. பௌர்ணமி நாளான போயாவில் இறைச்சி விற்கமாட்டார்கள் என்பதை மறந்தே போயிருந்தேன். முந்தின நாளே வாங்கி வைத்தது என்று சொல்லியிருக்கலாம். குனிந்து குறிப்பேட்டை மூடினேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"நாங்கள் மூண்டு பேர் சேர்ந்துதான் சமைக்கிறனாங்கள். பின்னேரத்தில வாரும். சேர்ந்து சாப்பிடுவம்."

"வேணாம். எனக்குத் தனியாச் சாப்பிட்டுப் பழகிருச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பிடிபட்ட கோபம்தான், வேறொன்றுமில்லை. அவள் "சரி" என்று எழுந்து போனாள். விரிவுரையாளரிடம் எதுவும் சொல்லவில்லை. என் குறிப்பை அப்படியே கணக்கிட்டுக் கொடுத்தாள். எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அவள் மறுபடி ஒருநாளும் கூப்பிடவில்லை. நானாகப் போய்க் கேட்கவுமில்லை. பதிவு பெற்ற உணவியலாளராகி வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருமுறை போனில் பேசும்போது இதைச் சொன்னேன். "அப்பிடிக் கேட்டனானோ? எனக்கு நினைவில்லை" என்றாள். நான் நான்கு வருடம் சுமந்தது அவள் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

கடைசி வருடத்தில் வைத்தியசாலைப் பயிற்சி. நீரிழிவு கிளினிக்கில் தமிழ் பேசும் நோயாளிகளை என்னிடம் அனுப்புவார்கள். ஒருநாள் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து ஒரு ஐயா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படியச் சீவியிருந்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"சிவப்பரிசிச் சோறு ஒரு கோப்பை. கீரை, பருப்பு. சீனி போடாத தேத்தண்ணி. போன தடவ இங்க குடுத்த தாள்ல இருக்கிற மாதிரியேதாம்மா."

இரத்தப் பரிசோதனை அப்படிச் சொல்லவில்லை. சீனி ஏறிக்கொண்டே இருந்தது. எங்களுக்குப் பயிற்சி தரும் மேடம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று எழுதுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். பேனாவை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை.

"ஐயா, ரெண்டாம் வருசம் படிக்கிறப்ப நானும் இப்படித்தான் பொய் எழுதினேன்" என்றேன். "பிஸ்கட்டத் தின்னுட்டு, கோழிக் கறின்னு எழுதினேன். போயா அன்னைக்கு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

"பேக்கரிப் பாண்தாம்மா" என்றார். "மூணு வேளையும் பாணும் சீனித் தேத்தண்ணியும். சம்சாரம் போய் ரெண்டு வருசமாச்சு. பசங்க கொழும்புல. ஒரு ஆளுக்கு எதுக்கும்மா அடுப்புல ஒல வைக்கணும்?"

நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்வி இல்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, சமைக்காமல் என்ன செய்யலாம் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கும் கேத்தலிலேயே முட்டை அவிக்கலாம். வெள்ளரிக்காயைப் பச்சையாகவே தின்னலாம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் வல்லாரை முளைக்கிறது என்றார், அதைப் பச்சையாகச் சம்பல் போடலாம். பாணில் இரண்டு துண்டைக் குறைக்கலாம். சீனி மூன்று கரண்டியிலிருந்து ஒன்று. மேடம் வாசித்துவிட்டு, "இதுவும் ஒரு உணவுத் திட்டமா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம்தான். அவர் ரிப்போர்ட்டை என் முன்னால் விரித்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குங்க ஐயா."

"அடுத்த மாசமும் நீங்கதான இருப்பீங்க?"

"இல்லங்க. எனக்கு இந்தக் கிளினிக் இன்னையோட முடியுது. வேற ஆள் வருவாங்க."

"தமிழ் தெரிஞ்சவங்களா?"

"தெரியலங்க."

"சரிம்மா" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நானும் அவருடன் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். வழியில் மழையைப் பற்றி மட்டும் பேசினோம். பஸ் நிரம்பி வந்தது. யாரோ கை கொடுத்து அவரை உள்ளே இழுத்தார்கள். நின்றுகொண்டே போனார், திரும்பிப் பார்க்க இடமில்லை. நான் கிளினிக்குக்குத் திரும்பினேன். பட்டியலில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.