இந்தியன் ரிமூவல்

அப்பாவிடம் ஒரு வெள்ளை வான் இருந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நோர்பரியில் எங்கள் ஆட்கள் யார் வீடு மாறினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வானின் பக்கவாட்டில் ‘ரிமூவல்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதனால் என் பள்ளிக்கூடத் தாளில் ‘இந்தியன் ரிமூவல்’ என்ற தலைப்பைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

“எந்த இந்தியன், பிள்ளை? அந்த முடக்கில இருக்கிற குஜராத்திக்காரரோ? எத்தினை ரூம்?”

எனக்கு ஒன்பது வயது. அப்பாவைத் திருத்துவதில் அப்போது எனக்கு ஒரு தனிச் சுகம். இது அமெரிக்கா, செரோக்கி என்ற செவ்விந்திய மக்கள், அவர்களுடைய காணியில் மற்றவர்கள் ஆசைப்பட்டார்கள், ஆமி வந்து வீட்டை விட்டுக் கலைத்தது, குளிருக்குள் மாதக்கணக்காக நடந்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். அந்த நடைக்கு நாங்கள் என்றால் என்ன கொண்டுபோவோமோ அதை ஒரு பையில் கட்டித் திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும். மிக நல்ல பையை டீச்சர் வகுப்பு வாசலில் காட்சிக்கு வைப்பார். என்னுடைய எதுவும் அதுவரை அங்கே ஏறியதில்லை. இந்த முறை எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தாளை மேசையில் வைத்தார். “வான், வண்டில் ஒண்டும் இல்லையோ?”

“கனபேருக்கு இல்லை. நடைதான்.”

“அப்ப இது என்ர வேலை இல்லை. அம்மாவைக் கேள்.”

அம்மா கறி கிளறிக்கொண்டிருந்தார். வெளிக்கிட எவ்வளவு நேரம் குடுத்தவங்கள் என்று கேட்டார். கையில் அகப்பட்டதோடு உடனே வெளிக்கிடச் சொன்னார்களாம் என்றேன். அம்மா அடுப்பை நிறுத்தினார்.

கோயிலுக்கு வெளிக்கிட ஒன்றரை மணித்தியாலம் எடுக்கிற என் அம்மா, அந்தப் பையைப் பத்து நிமிடத்தில் கட்டி முடித்தார். அரிசி, உப்பு, நெருப்புப்பெட்டி, ஒரு சின்னச் சட்டி, காய்ச்சலுக்குப் பனடோல். பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி வைத்தார். ஒரு பெட்ஷீட்: விரிக்கலாம், போர்த்தலாம், நடக்க ஏலாதவர்களை வைத்துத் தூக்கலாம். நான் பட அல்பத்தை நீட்டினேன். பாரம் என்றார். பொம்மையை வாங்கிக் கட்டிலில் போட்டார். கடைசியாக அலுமாரியின் மேல்தட்டிலிருந்து, நான் மூன்று வயதில் போட்ட சிவப்புக் கம்பளிச் சட்டையை எடுத்து, நாலாக மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

“இது சின்னன், எனக்குக் காணாதம்மா.”

“தெரியும். மேலயே இருக்கட்டும். மழை வந்தா டக்கெண்டு எடுக்க ஏலும்.”

பெரியவர்களின் யோசனையே இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். திங்கள் காலை, அம்மா சப்பாத்துப் போடும் நேரம் பார்த்து, அந்தச் சட்டையை என் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அதன் இடத்தில் பொம்மையைத் திணித்தேன்.

பை வாசலில் ஏறியது. டீச்சர் பெட்ஷீட்டைப் பற்றி இரண்டு தரம் கேட்டார், நான் அம்மா சொன்னதையே சொன்னேன். ஒரு கிழமை கழித்துப் பை வீட்டுக்கு வந்தபோது அம்மா என் வெற்றியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பொம்மையைத் தூக்கி வைத்துவிட்டு, கையை உள்ளே விட்டு அடிவரைக்கும் தேடினார்.

“சின்னச் சட்டை எங்க பிள்ளை?”

“பாவிக்க ஏலாததை ஏன் சுமப்பான் எண்டு எடுத்துக் கட்டிலுக்குக் கீழ வைச்சிட்டன்.” என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை.

அம்மா ஏசவில்லை. குனிந்து கட்டிலுக்குக் கீழிருந்து அதை எடுத்து, தூசியைத் தட்டி, அப்படியே தரையில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் போய் இருந்தேன். என் தலையை மடியில் இழுத்து வைத்து அந்தச் சட்டையாலேயே பொத்தினார். எனக்கு அது நல்ல சுகமாக இருந்தது. பொம்மை விஷயம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணா இருந்தார் என்று பதினாறு வயதில்தான் சொன்னார்கள். தொண்ணூற்றைந்தில், ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு நடந்த அந்த ஐப்பசி மழைக்குள் அவரையும் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மூன்று வயது. ஈர உடுப்போடு இருந்து காய்ச்சல் வந்தது, பிறகு மாறவேயில்லை. அம்மாவின் பையில் எல்லாம் இருந்ததாம், அவருக்கு மாற்றிப் போட ஒரு சட்டையைத் தவிர.