வசுமதிக்குத் தனிமை பிடிக்கும் என்று யார் சொன்னது?

வசுமதி போய்விட்டாள். நேற்று காலை, ஹைதராபாத் நாச்சாரத்தில், வீட்டிலேயே... மாரடைப்பு. நாற்பதுகூட ஆகவில்லை.

மாதாப்பூரில் என்னோடு ஒரே டீமில் டெஸ்டிங் பார்த்தவள். பழைய ஆபீஸ்காரர்களுக்குப் பெயர்கூட வேண்டாம், "அந்த இன்ட்ரோவர்ட் பொண்ணு" என்றால் போதும்.

அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பழைய மேனேஜர் இன்று குரூப் மெயில் போட்டிருக்கிறார். வசு தனிமையை நேசித்தவளாம். அதனால் நாளை காலை எடுக்கும்போது யாரும் கூட்டமாகப் போய் நிற்க வேண்டாமாம், எல்லோர் சார்பிலும் ஒரு மாலை அனுப்பினால் போதுமாம். "அவளுக்கும் அதுதான் பிடிக்கும்" என்று கடைசியில் ஒரு வரி வேறு.

கீழே வரிசையாக "அக்ரீட்", "அக்ரீட்"...

அவளுக்கு என்ன பிடிக்கும் என்று உங்களில் யார், எப்போது கேட்டீர்கள்?

அந்த பர்சனாலிட்டி ஒர்க்‌ஷாப் நினைவிருக்கிறதா? பார்ட்டியா புத்தகமா, கூட்டமா தனிமையா என்று வரிசையாகக் கேள்விகள். முடிந்ததும் ஆளுக்கொரு கார்டு கொடுத்து மானிட்டரில் ஒட்டச் சொன்னார்கள். அவளுக்கு வந்தது நீல கார்டு. "நான் இன்ட்ரோவர்ட். எனக்குத் தனிமை தேவை."

அவ்வளவுதான், பச்சை குத்தின மாதிரி ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து டீக்குக் கூப்பிடுவது நின்றது. டீம் லஞ்சுக்கு எல்லோரும் கிளம்பும்போது, "வசுவை டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே அவள் சீட்டைத் தாண்டிப் போவார்கள். ஒதுக்குவதைக்கூட எவ்வளவு மரியாதையாகச் செய்தோம் பாருங்கள்.

ஒரு நாள் ஆபீஸ் பஸ்ஸில் அவளிடமே கேட்டேன். "நெஜமாவே தனியா இருக்கத்தான் பிடிக்குமாடி?"

"இன்ட்ரோவர்ட்டுன்னா எங்கப்பா. ஞாயித்துக்கிழமை பூரா ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டு சந்தோஷமா உக்காந்திருப்பார். எனக்கு அப்படி இல்லடி. எனக்கு ஆளுங்க வேணும். ஆளுங்க முன்னாடி போனா கை வேர்க்குது, வார்த்தை வரல... அவ்ளோதான். பார்ட்டின்னா பயம், அதான் புத்தகம்னு டிக் பண்ணேன். பயமான்னு அவங்க கேக்கவே இல்லையே."

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அந்த ஒர்க்‌ஷாப் ட்ரெய்னர் உட்பட.

வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் வந்த குடும்பம் அவளுடையது. பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்: வேண்டாம் என்பதற்கு "நக்கோ", ஆமாம் என்பதற்கு "ஹவ்". எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் நக்கோதான். "எங்க வீட்ல யாரும் மொத வாட்டி ஒத்துக்க மாட்டோம்டி. காப்பின்னாலும் வேண்டாம்னுதான் சொல்வோம். மறுபடி கேக்கணும்" என்பாள்.

நம் எல்லோர் வீட்டிலும் அதுதானே வழக்கம்? வந்தவர் வேண்டாம் என்றால், சரி என்று டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவோமா? ஆபீஸில் மட்டும் ஒரு நக்கோவோடு கதை முடிந்துவிடும்.

அல்வாலில் என் மகளின் பிறந்தநாள். வசு கேட் வரைக்கும் வந்துவிட்டு, கிஃப்டை நீட்டி, "நக்கோடி, நான் கிளம்பறேன்" என்றாள். வாடி என்று மறுபடி சொன்னேன். வந்தாள்... அரை மணி நேரம் சுவரோரம் நின்றாள். அப்புறம் பிள்ளைகளுக்கு எங்கள் மேனேஜர் மாதிரி நடந்து காட்டினாள். எல்லோரும் போன பிறகும் கிளம்ப மனசில்லாமல் என்னோடு தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

இவளா தனிமை விரும்பி?

ஆன்சைட், அதாவது வெளிநாட்டு க்ளையன்ட் ஆபீஸுக்குப் போகிற விஷயம்தான் இன்னும் ஆறவில்லை. அவள் டெஸ்ட் செய்த ப்ராஜெக்ட். மேனேஜர் கேட்டார், வழக்கம்போல நக்கோ என்றாள். மறுநாள் வேறு ஒருத்தர் பெயர் போய்விட்டது. "அங்க தினம் க்ளையன்ட் மீட்டிங். அவ டைப்புக்கு சரிப்படாது" என்று விளக்கம் வேறு.

அதே நாள் சாயங்காலம் ஜெனரல் பஜாரில் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். விஷயத்தை நான் சொன்னபோது பை கையிலேயே இருந்தது.

"இன்னொரு வாட்டி கேப்பார்னு நெனச்சேன்டி" என்றாள். அவ்வளவுதான். ஹைதராபாத் வெயிலுக்கு அந்த ஸ்வெட்டரை ஏசி ஹாலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நாங்கள் எல்லோரும் பார்க்க.

மாலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் நாளை எட்டு மணிக்கு நாச்சாரம் வாருங்கள். கூட்டமாக வாருங்கள்.

அவள் அம்மாவுக்கு இப்போதுதான் போன் செய்தேன். "எதுக்கும்மா சிரமம், வேண்டாம்" என்றார்.

மறுபடி கேட்டேன். "வாங்கம்மா... எல்லாரும் வாங்க" என்று அழுதார்.

வரேன்டி வசு. நீ நக்கோன்னு சொன்னாலும்.