பாப்பாத்தி என்று ஒருவர் இல்லை

“பிளாக் ரூபி பார்ப். பெத்தியா நைக்ரோஃபாசியேட்டா. கொழும்பிலிருந்து, ஒரு பெட்டி.” கடந்த மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கான என் குறிப்பு இவ்வளவுதான். தோஹாவில் நான் வேலை செய்யும் அலங்கார மீன் கடைக்கு என் நாட்டு மீன்கள் விமானத்தில் வருகின்றன. பைகளை அவிழ்த்துத் தொட்டியில் விடுவது என் வேலை.

பெட்டியில் ஏன் இரண்டு பெயர் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். “ஒன்று கூப்பிட, மற்றது தப்பாமல் வாங்க,” என்றார் எகிப்திய மேலாளர் ஹசன். பிறகு நானே படித்தேன். வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயரில் வேறு வேறு மீன்களும் இருக்கும். லத்தீன் பெயர் எல்லா நாட்டுக்கும் ஒன்று. ஆய்வாளர்கள் பேரினத்தைத் திருத்தினால் அதுவும் மாறும். இந்தப் பெத்தியா முன்பு புண்டியஸ். சிங்களத்தில் புலத் ஹப்பயா, வெற்றிலை மெல்லுபவன். ஆண் மீனின் தலை அப்படிச் சிவக்கும்.

அன்று பைகளை அவிழ்க்கும்போது, வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் பக்கத்து லய வீட்டு ராணி அக்கா போனில் பேசினார். “அம்மாவுக்கு நெஞ்சு வலிப்பா. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். நீ பயப்படாத.” அத்தோடு தொடர்பு அறுந்தது.

வார்டுக்கு அழைத்து அம்மாவின் பெயரைச் சொன்னேன். பாப்பாத்தி என்று ஒருவர் இல்லை என்றார் நர்ஸ், சிங்களத்தில். திரும்பக் கேட்டேன். “அப்படியென்றால் வீட்டுக்குப் போயிருப்பார்.” நம்பினேன். மீதிப் பைகளையும் அவிழ்த்தேன்.

மாலையில் கொழும்பிலிருந்து தம்பி பேசினான். “அம்மா வீட்டுக்கு வரலயாம்ண்ணே. கார்டுல அவங்களுக்கு வேற பேரு. சிவபாக்கியம்.”

எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் தாயின் பெயர் பாப்பாத்தி. தோட்டத்தில் எல்லோரும் கூப்பிட்டதையே எழுதியிருந்தார்கள். நாடற்றவர்களாய் இருந்த தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபின் வந்த அடையாள அட்டையில் மட்டும் அம்மாவின் சொந்தப் பிறப்புப் பதிவிலிருந்த பெயர். அதைச் சொல்லி மறுபடி அழைத்தேன். நர்ஸ் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். மதியமே முடிந்துவிட்டது.

ஹசன் தோளில் கை வைத்து, தொழுகையில் சொல்லவேண்டும், அம்மாவின் பெயர் என்ன என்றார். நான் பேசாமல் நின்றேன். அரபு விளங்கவில்லை என்று நினைத்து ஆங்கிலத்தில் கேட்டார்.

அன்று காலையில் வார்டில் மாத்திரை கொடுக்க நர்ஸ், “சிவபாக்கியம், சிவபாக்கியம்” என்று கூப்பிட்டது கேட்டதாம் ராணி அக்காவுக்கு. அம்மா திரும்பிப் பார்த்தாரா என்று கேட்டேன்.

“தெரியலப்பா. என்னைய வெளியதான நிக்க வச்சாங்க.”

வேறு யாரிடமும் கேட்க வழியில்லை. அந்தப் பெயருக்கு அம்மா திரும்பினாரா என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.