மங்குக்குக் கீழே சிவப்பு

அங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கை வேகமாக ஓடும். அன்று காலை ஆயாக் கொட்டகையில் அவள் தொட்டில்களை ஆட்டிய வேகத்தில் தூங்கிய குழந்தைகளும் விழித்துக்கொண்டன.

கோபம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மேல். மலாயாவில் பெக்கோக் அருகே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், இருட்டு விலகுமுன்பே பெரியவர்கள் பிரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அடுப்பு மூட்ட யாருக்கு நேரம்? பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்து தலை சாய்த்துவிடும். வாத்தியார் அதைச் சோம்பல் என்று பிரம்பை எடுப்பார். அன்று அடி வாங்கியவள் கருப்பாயியின் மகள் புஷ்பவள்ளி.

"ஏண்டி தூங்குன?"

"தூங்கல ஆயா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

பசிக்குப் பிரம்படி! நாலெழுத்து படித்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா?

அன்று மாலையே அங்கம்மா கூடையோடு கிளம்பினாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் அங்கே இரண்டு: மேல் லயத்தில் ஒரு சாதியார், கீழ் லயத்தில் இன்னொரு சாதியார். அவளே மேல் லயத்துக்காரிதான். ஆனாலும் இரண்டு லயத்திலும் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கேட்டாள். கொடுத்தார்கள். மரத்தில் கட்டி ரப்பர் பால் பிடிக்கும் வெள்ளைப் பீங்கான் மங்குகளில் விளிம்பு உடைந்தவை கிடங்குக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. அவற்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெந்நீரில் அவித்து எடுத்தாள். மறுநாள் முதல் பள்ளி மணி அடிக்குமுன் பிள்ளைகள் எல்லாரும் கஞ்சி குடித்தார்கள். கையில் கிடைத்த மங்கில் குடித்தார்கள்.

அதுதான் அய்யாவு கங்காணிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அங்கம்மா, எல்லாத்தையும் ஒண்ணா கலக்குற? நம்ம பிள்ளைங்க வாய் வச்ச மங்குல அதுங்களும் குடிக்குமா?"

"மரத்துப் பால எடுக்கறப்ப யார் வெட்டுன பாலுன்னு கேட்டா வாளியில ஊத்துறீங்க?"

"வாய மூடு! மரத்துக்குக் குறி போடுற சாயம் குடுத்தனுப்புறேன். கீழ எல்லாம் செவப்பு அடிச்சிரு. மேல வெள்ளையாவே இருக்கட்டும். புரியுதா?"

"நல்லாப் புரியுது."

கீழ் லயத்துப் பிள்ளைகளின் மங்குக்குச் சிவப்பு என்பதுதான் அவர் சொன்னது. அது அங்கம்மாவுக்குப் புரியாமல் இல்லை. சாயம் வந்ததும் கீழ் லயத்துக் கருப்பாயியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இருவருமாக எல்லா மங்குகளையும் கவிழ்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பூசினார்கள்.

அடுத்த நாள் கங்காணி வந்து பார்த்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முன்னால் எல்லா மங்கும் வெள்ளையாகவே இருந்தன.

"எங்கடி சாயம்?"

அங்கம்மா ஒரு மங்கை எடுத்துக் கவிழ்த்தாள். "நீங்கதானே கீழ அடிக்கச் சொன்னீங்க? மேல வெள்ளையாத்தான் இருக்கு, பாருங்க."

பிள்ளைகள் சிரித்துவிட்டன. கங்காணியின் மகள் சொர்ணமும் சிரித்தாள். வீட்டில் தோசை இருந்தும் கூட்டத்தோடு குடிக்க வந்தவள் அவள். கங்காணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அங்கம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "நாளையிலேருந்து உனக்கு ஆயா வேலை கிடையாது. புல்வெட்டுக்குப் போ!"

முழங்கால் வீங்கி மரம் மரமாகப் போய்ப் பால் வெட்ட முடியாமல் போனதால்தான் அங்கம்மாவுக்குக் கொட்டகை வேலை கொடுத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

மறுநாள் அங்கம்மா எல்லாருக்கும் முன்பே எழுந்து கஞ்சி காய்ச்சினாள். பானையைப் பள்ளியில் வைத்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு பிரட்டுக்கு வந்தாள். அரிக்கன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி கங்காணி சொன்னார்: "மேல் லயத்துல இனி எவளாச்சும் அரிசி குடுத்தா, அவ பேர வெட்டிருவேன். கூலி கிடையாது."

அங்கம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். கீழ் லயத்து அரிசி மட்டும் எத்தனை பிள்ளைகளுக்குக் காணும்?

அப்போது மேல் லயத்து ராஜம்மா பால் வாளியைத் தரையில் வைத்தாள்.

"அப்ப என் பேர மொதல்ல வெட்டுங்க கங்காணியாரே. கஞ்சி குடிக்க ஆரம்பிச்சதிலேருந்து எம் மவன் பள்ளிக்கூடத்துல அடி வாங்கல. வெயில் ஏறுனா மரம் பால் விடாது. துரை கேட்டா நீங்களே காரணம் சொல்லிக்குங்க."

இன்னும் இரண்டு வாளிகள் தரையில் இறங்கின. கங்காணி வானத்தைப் பார்த்தார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. "போங்க, போய் வேலையப் பாருங்க!" என்று எரிந்து விழுந்தார். யார் பெயரையும் வெட்டவில்லை. ஆனால் அங்கம்மாவைப் புல்வெட்டிலிருந்து மாற்றவும் இல்லை. அதை எதிர்த்துக் கேட்கவும் ஆளில்லை!

பகலில் சேறு படிந்த காலோடு அவள் கொட்டகைப் பக்கம் வந்தாள். புது ஆயா கிருஷ்ணம்மா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, கங்காணிக்குப் பயந்து மேல் லயத்துல பாதிப் பிள்ளைங்க கஞ்சிக்கு வரல. வந்ததுங்க பானைய வழிச்சுக் குடிச்சிருச்சுங்க."

"வராததுங்க யாரு வீட்டுப் பிள்ளைங்க? சொல்லு," என்றாள் அங்கம்மா. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அரிசிக் கூடையைக் கையில் எடுத்தாள்.