ஏலக்காரர் மகள்

துறையின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்த பிறகுதான் யாருக்காக என்று தெரிந்தது. திருவொற்றியூரில் ரயிலுக்கு நின்றிருந்தேன். மேடம் போய்விட்டார். தூக்கத்திலேயே மாரடைப்பு. நரம்பு சொல்வதைத் தசை எப்படிக் கேட்டுக்கொள்கிறது என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்தை விடாதவர். அவருக்குப் பக்கத்து அறையில் என் பாதி வாழ்க்கை கழிந்தது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பழகியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்பது கடைசியில் வரும்.

பொறுமைசாலி, அன்பானவர் என்றெல்லாம் எழுதினால் எழுந்து வந்து அடிப்பார். ஒருமுறை எண்ணூரிலிருந்து ஒரு லாரி ஓட்டுநரை அவர் மனைவி கூட்டி வந்தார். இமைகள் தொங்கின, பேச்சு குழறியது. எங்கள் இளம் மருத்துவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "தெளிஞ்சதும் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். மேடம் அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "பட்டம் உனக்குக் குடுத்தாங்களா, உன் மூக்குக்குக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். ஓட்டுநரைச் சற்று நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டு, "எண்ணு நைனா, சத்தமா" என்றார். கணீரென்று தொடங்கிய குரல் போகப்போக மூக்கில் ஏறி, நாற்பதைத் தொடும் முன் வெறும் காற்றானது.

"குடிச்சவன் எண்ண எண்ணச் சத்தம் ஏறும். இவனுக்கு எறங்குது. நரம்பு ஏலக்காரன் மாதிரி கத்திக்கினுதான் கீது. தசைக்குத்தான் காது அடைச்சுப்போச்சு."

மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரத்தில் அந்த மனிதரின் இமைகள் மேலே ஏறின. மனைவி அழுதார். மேடம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அன்றுதான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். விடிகாலையில் வெண்கலக் குரலில் ஆரம்பிப்பார். விலை ஏற ஏறக் குரல் இறங்கும், நாக்கு குழறும், கண் சொருகும். "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்யா" என்று கூட்டம் சிரிக்கும். அவர் குடித்ததே இல்லை. இல்லை, இல்லை என்று எவ்வளவு மறுத்தாரோ அவ்வளவுக்குப் பேச்சு மேலும் குழறியது. கடைசியில் வேலை போயிற்று. அம்மா காலில் விழுந்து கெஞ்ச, ராயபுரத்து சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். மறுநாளும் நாக்கு குழறியது. அதுவரை குடிகாரர், அதற்குப் பிறகு சத்தியம் மீறிய குடிகாரர். ஒருநாள் கஞ்சி புரையேறி மூச்சடைத்துச் செத்தார். குடித்தே செத்தான் என்றது தெரு.

"தூங்கறப்போ அவர் வாய நான் மோந்து பாத்தேன். மீன் வாசனதான் வந்துச்சு. ஆனாலும் நானும் ஊர் சொன்னதத்தான் நம்புனேன்" என்றார் மேடம். கல்லூரியில் ஒரு வகுப்பில் நோயாளிப் பெண் ஒருத்தியை எண்ணச் சொன்னார்களாம். அவள் குரல் இறங்கத் தொடங்கியதும் இவருக்கு அப்பாவின் ஏலம் கேட்டதாம். "இந்த மாத்திரை அப்பவே இருந்துச்சு. எங்க வூட்டுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நடுவுல ஒரு பஸ்ஸுதான்."

அந்த வகுப்பு முடிந்த மாலையே வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "வியாதின்னு வெளிய சொன்னின்னா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்? குடின்னே இருக்கட்டும்." மேடம் அந்த நோயைப் பற்றி உலகம் முழுக்கப் பேசினார். தன் தெருவில் மட்டும் வாய் திறக்கவில்லை.

அடக்கத்தன்று அப்பாவின் குழியிலேயே அவரையும் இறக்கினார்கள். எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், அந்தக் காலத்து ஏலக் கூட்டத்தில் நின்றவர், என்னிடம் பாராட்டாகவே சொன்னார்: "அப்பன் ஏலத்துலயே கண்ணு சொருகி நிப்பான், அவ்ளோ குடி. அவனுக்குப் பொறந்து இது எங்கயோ பூட்ச்சு பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவர் குடிக்கவே இல்லீங்க, அது" என்று ஆரம்பித்தேன். ஒரு கை என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தது. மேடத்தின் தங்கை.

"சார், கையெடுத்துக் கும்புடுறேன், வுட்டுருங்க. ஞாயித்துக்கெழம என் பேத்தியப் பொண்ணு பாக்க வர்றாங்க. வியாதின்னு காதுல வுழுந்தா வண்டியத் திருப்பிக்கினு பூடுவாங்க."

"அது பிள்ளைகளுக்கு இறங்கும் வியாதி இல்லைம்மா."

"அத அவங்ககிட்ட யாரு சொல்றது? குடிகாரன் கொள்ளுப்பேத்தின்னா பரவால்ல சார். இங்க எல்லா வூட்லயும் ஒருத்தன் கீறான்."

நான் போய் ஒரு பிடி மண் போட்டேன். மேடத்திடமிருந்து நான் வைத்திருப்பது இது ஒன்றுதான்: அந்த ஏலக்காரர் ஒரு சொட்டும் குடித்ததில்லை. அதை மேடத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்ல இன்னும் எனக்கு அனுமதி இல்லை.